சீரியல் போர்ட்டும் அதன் பரீட்சைகளும்

கணினியின் முதுகுப்புறத்தில் ஒன்பது ஊசிகளோடு காட்சியளித்த சீரியல் போர்ட், இன்று கடையில் கிடைக்கும் மடிக்கணினிகளில் அநேகமாக இல்லை. ஆயினும் மறைந்தவை அந்த ஒன்பது ஊசிகளேயன்றி, அவற்றின் வழியே நடந்துவந்த சம்பாஷணை அன்று. மளிகைக் கடையின் மின்னணுத் தராசு தான் நிறுத்த எடையைப் பில் போடும் கணினிக்கு அறிவிப்பதும், ஆலையில் உஷ்ணத்தை அளக்கும் கருவி தன் அளவைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவதும், புதிதாக வந்திறங்கிய நெட்வொர்க் ஸ்விட்சை முதன்முதலாக அமைக்க வரும் பொறியாளர் அதன் கன்சோல் முனையில் தம் கம்பியைச் செருகுவதும், கல்லூரி மாணவர் ஒருவர் ஆர்டுயினோ பலகையிலிருந்து வரும் எண்களைத் திரையில் கண்டு மகிழ்வதும் இன்றும் அந்தப் பழைய முறையிலேயே நடைபெறுகின்றன. நடுவே யுஎஸ்பி கம்பி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த முறையின் எளிமையே புதிதாகப் பழகுவோருக்கு இடையூறாகவும் அமைந்துவிடுகிறது. யுஎஸ்பி சாதனம் ஒன்றைக் கணினியில் செருகினால், தான் இன்ன கம்பெனியின் இன்ன பொருள் என்பதை அது தானே தெரிவித்துக்கொள்கிறது; ஈதர்நெட் கம்பியில் செல்லும் செய்தி ஒவ்வொன்றும், யாரிடமிருந்து யாருக்கு என்னும் விவரத்தைத் தன் முகப்பிலேயே தாங்கிச் செல்கிறது. சீரியல் கம்பியோ எதையும் தெரிவிப்பதில்லை. எதிர்முனையில் இருப்பது எது, அது எந்த வேகத்தில் பேசுகிறது, ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் அனுப்புகிறது என்பவை ஒருபுறம் இருக்க, அங்கே ஏதேனும் இருக்கிறதா என்பதைக்கூட அந்தக் கம்பியைக் கொண்டு நிச்சயிக்க இயலாது. ஆகையால் எங்கேனும் ஒரு பிழை நேர்ந்தால் நமக்குக் கிடைப்பது மௌனம், அல்லது பொருளற்ற குறிகளின் குவியல். இரண்டில் எதுவும் பிழை இன்ன இடத்தில் என்று காட்டிக்கொடுப்பதில்லை. எனவே இத்துறையில் பழகுபவருக்கு வேண்டிய முதல் வித்தை படிப்படியாகப் பரீட்சிப்பது. அதனினும் முக்கியமானது, ஒவ்வொரு பரீட்சையும் எதை நிரூபிக்கிறது என்பதோடு எதை நிரூபிக்கவில்லை என்பதையும் அறிந்துவைத்திருப்பது. பின்னதைக் கையேடுகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனவாதலால், இந்த அத்தியாயம் அவ்விடத்தில் சற்று அதிகமாகவே தங்கும்.

இம்முறையின் மூலத்தைத் தேடினால் தந்தி நிலையங்களுக்குப் போய்ச் சேருவோம். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரான எமில் போதோ 1874-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில், ஒவ்வோர் எழுத்தும் ஐந்து மின்குறிகளின் தொகுதியாக அமைந்தது. வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்னும் அலகு அவர் பெயரால் வந்தது. பின்னர்த் தோன்றிய டெலிபிரிண்டர்கள், எழுத்துக்கு முன்னே ஒரு தொடக்கக் குறியும் பின்னே ஒரு முடிவுக் குறியும் சேர்த்து அனுப்பும் வழக்கத்தைக் கைக்கொண்டன. டெலிபிரிண்டர் போன்ற யந்திரங்களை மோடத்தோடு இணைப்பதற்கென அமெரிக்க மின்னணுத் தொழிலகங்களின் சங்கம் 1960-ஆம் ஆண்டில் ஆர்எஸ்-232 என்ற நியமத்தை வெளியிட்டது. அதன் 'சி' என்னும் திருத்தம் 1969-இல் வந்தது. சென்னைக் கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டதும் அதே 1960-இல்தான். 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி இந்த நியமத்தை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய முனை 1984-ஆம் ஆண்டின் ஐபிஎம் ஏடி கணினியோடு வழக்குக்கு வந்தது. சரித்திரம் இவ்வளவு போதும்.

கம்பியில் நடப்பதைக் கூர்ந்து நோக்குவோம். பேச்சில்லாத வேளையில் கம்பியின் நிலை 1. அனுப்பும் முனை ஓர் எழுத்தைத் தொடங்கும்போது கம்பியை 0 நிலைக்கு இறக்குகிறது. அதுவே தொடக்க பிட். அதனைத் தொடர்ந்து எழுத்தின் எட்டு பிட்டுகள், மதிப்பில் சிறியது முதலாகப் பெரியது ஈறாக, ஒவ்வொன்றும் சமமான கால அளவில் செல்கின்றன. இறுதியில் கம்பி மீண்டும் 1 நிலைக்கு உயர்ந்து நிற்பது முடிவு பிட். ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ'யை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 65. இரட்டை எண் முறையில் 01000001. கம்பியில் அது செல்லும் வரிசை, தொடக்கமும் முடிவும் சேர்த்து, 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1 என்பதாகும். 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டுக்குரிய காலம் ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி. பத்து பிட்டுகள் சேர்ந்த ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிவினாடிக்குச் சற்று அதிகம். ஆக வினாடிக்கு 960 எழுத்துகள் செல்லும்.

இதில் வியப்புக்குரிய விஷயம், இரண்டு முனைகளுக்கும் பொதுவான கடிகாரம் எதுவும் இல்லை என்பதே. ஒருவரையொருவர் காண முடியாத இருவர் தனித்தனியே தாளம் போட்டுக்கொண்டு ஒரே கீர்த்தனையைப் பாடுவதாக வைத்துக்கொண்டால், இருவருடைய காலப் பிரமாணத்திலும் சிறிது வேற்றுமை இருந்தே தீரும். ஆயினும் ஆவர்த்தனந்தோறும் சமத்தில் இருவரும் ஒருமுறை சேர்ந்துகொள்வார்களானால், அடுத்த சமம் வருவதற்குள் அந்த வேற்றுமை பாட்டைக் கெடுக்கும் அளவுக்கு வளர்வதில்லை. தொடக்க பிட்டின் இறக்கமே இங்கே சமம். பெறும் முனை அதைக் கண்ட க்ஷணத்தில் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் கம்பியின் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. முடிவு பிட்டின் நடுவை அடைய ஒன்பதரை பிட் காலம் செல்கிறது. அதற்குள் சேரும் பிழை அரை பிட்டைத் தொட்டுவிடக் கூடாது. கணக்கிட்டுப் பார்த்தால் இரு முனைகளின் வேகமும் ஒன்றுக்கொன்று நூற்றுக்கு 5 பங்கு வரையில்தான் வேறுபடலாம் என்று கிடைக்கும். நடைமுறையில் முனைக்கு 2 பங்குக்கு மேல் போகாதிருப்பதே நலம்.

ஆகவே பேச்சு தொடங்குமுன் இரு முனைகளும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியவை உள்ளன: வேகம், தரவு பிட்டுகளின் எண்ணிக்கை, பாரிட்டி உண்டா இல்லையா, முடிவு பிட் ஒன்றா இரண்டா, பேச்சை நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் சொல்லும் ஃப்ளோ கண்ட்ரோல் எந்த வகை. 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு முடிவு பிட் என்பதே மிகப் பரவலான ஒப்பந்தம். அதில் வேகம் நீங்கலான பகுதியைத் துறையினர் '8-என்-1' என்று சுருக்கமாகச் சொல்வர். கருவியோடு வரும் கையேடு வேகத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு மற்றவற்றைப் பற்றி வாய்திறவாமல் இருக்குமானால், 8-என்-1 என்று அனுமானித்துத் தொடங்கலாம். ஆனால் அது அனுமானமே என்பதை மறந்துவிடக் கூடாது. 115200 என்னும் விசித்திரமான எண் எப்படி வந்தது என்று வியப்போர் பலர். ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் வைத்த ஸ்படிகம் வினாடிக்கு 18,43,200 முறை அதிர்வது. அதனை 16-ஆல் வகுத்தால் 1,15,200. அதனை மேலும் 12-ஆல் வகுத்தால் 9600. பாரிட்டி என்பது 1-களின் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்று காட்டும் காவல் பிட். வழியில் ஒரு பிட் புரண்டால் அது கண்டுபிடிக்கும், இரண்டு புரண்டால் ஏமாந்துவிடும்.

இனி மின்னழுத்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆர்எஸ்-232 நியமத்தின்படி 1 என்பது எதிர்மறையான 3 முதல் 15 வோல்ட் வரை; 0 என்பது நேர்மறையான 3 முதல் 15 வோல்ட் வரை. ஆர்டுயினோ போன்ற பலகைகளிலோ 1 என்பது 5 அல்லது 3.3 வோல்ட், 0 என்பது பூஜ்யம். அளவு வேறுபடுவது மட்டுமன்று, போக்கே தலைகீழாக இருக்கிறது. பழைய கணினியின் ஒன்பது ஊசி முனையை இடையில் மேக்ஸ்232 போன்ற சில்லு இல்லாமல் நேரே பலகையில் கொண்டுபோய் இணைத்தால், பலகையின் சில்லு கெடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஆதலால் முதல் பரீட்சை மென்பொருளில் அன்று, மல்டிமீட்டரில் நடக்க வேண்டும். ஒன்பது ஊசி முனையில் 5-ஆம் ஊசி தரை. கணினிப் பக்கத்தில் 3-ஆம் ஊசி அனுப்புவது, 2-ஆம் ஊசி பெறுவது. பேச்சில்லாத வேளையில் 5-க்கும் 3-க்கும் இடையே மீட்டரை வைத்தால், ஆர்எஸ்-232 முனையாயின் எதிர்மறை வோல்ட் காட்டும். பலகைக்கென அமைந்த யுஎஸ்பி கன்வெர்ட்டரின் அனுப்பும் முனைக்கும் தரைக்கும் இடையே வைத்தால் நேர்மறையாக 3.3 அல்லது 5 காட்டும். அரை நிமிஷத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யச் சோம்பிப் பலகையை இழந்தவர் அநேகர்.

இந்நாளில் பெரும்பாலோர் கையாளுவது யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரே. அதனுள் எஃப்டி232, சிபி2102, சிஎச்340 என்பன போன்ற சில்லு ஒன்று இருக்கும். அதற்குரிய டிரைவர் கணினியில் இருந்தால், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'காம்3', 'காம்5' என்று ஒரு பெயர் தோன்றும். லினக்ஸில் 'டெவ்' அடைவுக்குள் 'டிடிஒய்-யுஎஸ்பி-0' என்பது போன்ற பெயர் முளைக்கும். எந்தப் பெயர் நம்முடையது என்ற சந்தேகம் எழுந்தால், கம்பியைப் பிடுங்கி எது மறைகிறது என்று பார்ப்பதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. லினக்ஸில் பெயர் தெரிந்தும் திறக்க அனுமதி மறுக்கப்படுமானால், பயனர் 'டயல்அவுட்' என்னும் குழுவில் சேர்க்கப்படாதிருப்பதே உபுண்டு, டெபியன் வகைகளில் வழக்கமான காரணம். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். விண்டோஸில் அனுமதி மறுக்கப்பட்டால், அநேகமாக வேறொரு நிரல் அந்தப் போர்ட்டை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்; ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டரை மூட மறந்துவிட்டு, தாம் எழுதிய நிரல் ஏன் ஓடவில்லை என்று மணிக்கணக்கில் யோசிப்பது இத்துறைக்கு வருவோர் யாவரும் ஒருமுறையேனும் அனுபவிக்கும் துன்பம்.

இப்போது லூப்பேக் என்னும் பரீட்சைக்கு வருவோம். எதிர்முனையில் எந்தக் கருவியையும் இணைக்காமல், நம் கன்வெர்ட்டரின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு சிறு ஜம்பர் கம்பியால் சேர்த்துவிட வேண்டும். ஒன்பது ஊசி முனையாயின் 2-ஐயும் 3-ஐயும் சேர்க்க வேண்டும். பிறகு புட்டி, மினிகாம் போன்ற டெர்மினல் நிரல் ஒன்றில் அந்தப் போர்ட்டைத் திறந்து, ஃப்ளோ கண்ட்ரோலை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் தட்டினால், தட்டிய எழுத்து திரையில் தோன்றும். கம்பியை எடுத்துவிட்டுத் தட்டினால் எதுவும் தோன்றக் கூடாது. இந்த இரண்டாம் பாதியை ஒருபோதும் விட்டுவிடலாகாது. ஏனெனில் டெர்மினல் நிரலில் 'லோக்கல் எக்கோ' என்னும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எழுத்து கம்பிக்குப் போகாமலே திரையில் தோன்றி, பரீட்சை வெற்றி என்ற பிரமையை உண்டாக்கிவிடும்.

லூப்பேக் வெற்றி பெற்றால் எவை நிரூபணமாயின? டிரைவர் இயங்குகிறது, போர்ட்டின் பெயர் சரி, அனுமதி உண்டு, கன்வெர்ட்டரின் இரு முனைகளும் உயிரோடு இருக்கின்றன. எவை நிரூபணமாகவில்லை? வேகம் சரியா என்பது சிறிதும் நிரூபணமாகவில்லை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சில்லு, ஒரே கடிகாரம். அதில் 300 என்று வைத்தாலும் 115200 என்று வைத்தாலும் தன்னோடு தான் பேசிக்கொள்ளும்போது அது தன்னுடன் முரண்படப் போவதில்லை. பாரிட்டியும் அப்படியே. தரைக் கம்பி இணைந்திருக்கிறதா என்பதும் இதில் வெளிப்படாது. லூப்பேக் சரியாக வந்துவிட்டது, ஆகையால் பிழை எதிர்முனைக் கருவியிலேதான் என்று முடிவுகட்டி, நல்ல நிலையில் உள்ள கருவியைப் பழுதுபார்க்க அனுப்பியவர்களின் கதை எந்தத் தொழிற்சாலையிலும் கிடைக்கும்.

எதை அனுப்பிப் பரீட்சிப்பது என்பதிலும் விவேகம் வேண்டும். உலகெங்கும் பாடநூல்கள் 'ஹலோ' என்ற ஆங்கிலச் சொல்லையே அனுப்பச் சொல்கின்றன. அது போதாது என்பது என் அபிப்பிராயம். தமிழர்க்கு அதனினும் நல்ல சோதனைச் சொல் வீட்டிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் யாவும் 128-க்கு உட்பட்ட எண்களாதலால் ஏழு பிட்டுகளில் அடங்கிவிடும். போர்ட் தவறுதலாக ஏழு பிட் அமைப்பில் இருந்தாலும் 'ஹலோ' பழுதில்லாமல் போய்ச் சேரும். யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்னும் ஓர் எழுத்தோ மூன்று பைட்டுகளாக, 224, 174, 133 என்று செல்கிறது. மூன்றும் 127-க்கு மேற்பட்டவை. எட்டாவது பிட் வெட்டுண்டால் அவை 96, 46, 5 ஆகிவிடும். திரையில் ஒரு சாய்ந்த மேற்கோள் குறியும் ஒரு முற்றுப்புள்ளியும் தோன்றும், மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. 'அம்மா' என்று அனுப்பினால் 15 பைட்டுகள். அவை அவ்வாறே திரும்பி வந்தால் எட்டு பிட்டுகளும் செல்கின்றன என்பது பிரத்தியட்சம்.

ஆனால் 'அம்மா'வும் சகலத்தையும் சோதித்துவிடாது. 17, 19 என்னும் இரண்டு எண்கள், பேச்சை மீண்டும் தொடங்கு, பேச்சை நிறுத்து என்று கட்டளையிடும் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் குறிகளாக நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. அந்த வகை ஃப்ளோ கண்ட்ரோல் நம்மை அறியாமல் இயங்கிக்கொண்டிருந்தால், எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகச் செல்லும்; ஒரு படத்தையோ அளவுக் கருவியின் எண்களையோ அனுப்பும் நாளில், அவற்றினிடையே தற்செயலாக ஒரு 19 வந்துவிட்டால், அதுவரை நன்றாக ஓடிய நிரல் ஸ்தம்பித்து நின்றுவிடும். இவ்வாறே 13 என்னும் எண் வழியில் 10 ஆக மாற்றப்படுவதும் உண்டு. அச்சுத் தலையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர 13, காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள 10 என்று டெலிபிரிண்டர் காலத்தில் ஏற்பட்ட இரட்டைக் குறி இது. லினக்ஸின் டெர்மினல் அமைப்பு இயல்பாக ஒன்றை மற்றொன்றாக்கும் வழக்கமுடையது. ஆகையால் 0 முதல் 255 வரை எல்லா எண்களையும் வரிசையாக அனுப்பி, திரும்பி வந்ததை நிரலே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 127-க்கு மேற்பட்டவை சிதைந்தால் ஏழு பிட் அமைப்பு. 17-உம் 19-உம் காணாமற் போனாலோ 19-ஐ அடுத்து அனுப்புதலே நின்றுபோனாலோ எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப். 13 மட்டும் மாறினால் வரிமுடிவு மாற்றம். மௌனமாகவே இருந்துவந்த கம்பி, இந்த ஒரு பரீட்சையில் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறது.

நிரல் எழுதுவது கடினமன்று. பைத்தான் மொழியில் பைசீரியல் என்னும் தொகுப்பை நிறுவிக்கொண்டால், போர்ட்டின் பெயர், வேகம், தரவு பிட், பாரிட்டி, முடிவு பிட், காத்திருப்பு வரம்பு ஆகியவற்றைச் சொல்லித் திறப்பது, பைட்டுகளை எழுதுவது, படிப்பது, மூடுவது என்று நான்கே காரியங்கள். இவற்றுள் காத்திருப்பு வரம்பைச் சொல்லாமல் விட்டால், படிக்கும் கட்டளை வராத பைட்டுக்காக என்றென்றும் காத்திருக்கும். நிரல் உறைந்துவிட்டதாகத் தோன்றும். ஒரு வினாடி என்று வரம்பு வைத்தால், வினாடி கழிந்ததும் வந்த மட்டில் கொடுத்துவிட்டு நிரல் மேலே செல்லும். 'வந்த மட்டில்' என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நாம் ஒரே கட்டளையில் அனுப்பிய 15 பைட்டுகள் மறுமுனையில் ஒரே தவணையில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முதலில் 7, பிறகு 8 என்றும் வரலாம். 7 பைட்டுகள் என்றால் தமிழில் இரண்டு குறிகளும் மூன்றாவதன் ஒரு துண்டும். அந்தத் துண்டோடு சேர்த்து எழுத்தாக மாற்ற முயன்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே செய்தியின் முடிவுக்கு ஓர் அடையாளம், பொதுவாக வரிமுடிவுக் குறி, வைத்துக்கொண்டு, அது வரும் வரை பைட்டுகளைச் சேர்த்துவைத்து, வந்த பின்பே எழுத்தாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் உள்வரும் கிடங்கைக் காலி செய்வதும் அவசியம். முந்தைய பரீட்சையின் மிச்சம் அதில் தங்கியிருந்து, இல்லாத பிழையை இருப்பதாகக் காட்டும்.

கையில் எந்த உபகரணமும் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. லினக்ஸில் சோகேட் என்னும் நிரலும், விண்டோஸில் காம்0காம் என்னும் நிரலும், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் வெளிவருமாறு இணைந்த இரண்டு கற்பனைப் போர்ட்டுகளைச் சிருஷ்டித்துக் கொடுக்கும். அனுப்பும் நிரலை ஒன்றிலும் பெறும் நிரலை மற்றொன்றிலும் ஓடவிட்டுச் செய்திகளின் அமைப்பு, காத்திருப்பு வரம்பு, பிழை நேர்ந்தால் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றையெல்லாம் செலவின்றிச் சோதிக்கலாம். ஆயினும் லூப்பேக்கின் குறையே இதற்கும் உண்டு: வழக்கமான அமைப்பில் இந்தக் கற்பனைப் போர்ட்டுகள் வேகத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு முனையில் 9600-உம் மறுமுனையில் 4800-உம் வைத்தாலும் செய்தி பழுதின்றிச் செல்லும்.

வேகத்தை உண்மையாகப் பரீட்சிக்க வேண்டுமானால், தனித்தனிக் கடிகாரம் உடைய இரண்டு கன்வெர்ட்டர்கள் வேண்டும். ஒன்றின் அனுப்பும் முனையை மற்றொன்றின் பெறும் முனையோடும், பெறும் முனையை அனுப்பும் முனையோடும் குறுக்காக இணைத்து, தரையைத் தரையோடு சேர்க்க வேண்டும். இரண்டிலும் 9600 வைத்துச் செய்தி செல்வதைக் கண்ட பிறகு, வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். அனுப்பும் முனையை 4800-க்கு மாற்றி, ஆங்கிலச் சிற்றெழுத்து 'எக்ஸ்' ஒன்றை மட்டும் அனுப்புங்கள். அதன் எண் 120. கம்பியில் செல்வது 0, 0, 0, 0, 1, 1, 1, 1, 0, 1. பெறும் முனை இரட்டை வேகத்தில் பார்ப்பதால் ஒவ்வொரு பிட்டும் அதற்கு இரண்டாகத் தெரிகிறது. முதலில் வரும் எட்டு 0-க்களில் ஒன்றைத் தொடக்க பிட்டாகவும் ஏழினைத் தரவாகவும் கொண்டு, அடுத்த 1-ஐ எட்டாவது தரவாக எண்ணி, அதற்கடுத்த 1-ஐ முடிவு பிட்டாக ஏற்று, 128 என்னும் பைட்டைப் பெற்றதாக அறிவிக்கும். சிறிது நேரம் கழித்து வரும் அந்த ஒற்றை 0, அதற்கு இரண்டு 0-க்களாகத் தோன்ற, அதனைப் புதிய எழுத்தொன்றின் தொடக்கமென நம்பி, 254 என்னும் இன்னொரு பைட்டையும் பெற்றதாக அறிவிக்கும். அனுப்பியது ஓர் எழுத்து, வந்தவை இரண்டு, இரண்டும் இலக்கணப்படி குற்றமற்றவை, எந்த முனையும் பிழை என்று முறையிடவில்லை. திரையில் விநோதமான குறிகளைக் கண்டால் கம்பியையோ கருவியையோ குறைகூறுமுன் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே. மௌனம் கம்பியைச் சந்தேகிக்கச் சொல்லும். குப்பை வேகத்தைச் சந்தேகிக்கச் சொல்லும்.

ஆர்டுயினோ யூனோ பலகையோடு பழகுவோர்க்கு மட்டும் ஒரு சொல். அந்தப் பலகையில், கணினி போர்ட்டைத் திறந்தவுடன் டிடிஆர் என்னும் கம்பியின் நிலை மாற, அதனால் பலகை முதலிலிருந்து தொடங்குகிறது; புதிய நிரல் ஏதேனும் வருகிறதா என்று சிறிது நேரம் காத்திருந்த பின்பே நம் நிரலை ஓடவிடுகிறது. போர்ட்டைத் திறந்த மாத்திரத்தில் அனுப்பிய முதல் செய்தி ஆகையால் காற்றோடு போய்விடும். இரண்டு வினாடி பொறுத்து அனுப்பலாம். பலகை 'தயார்' என்று ஒரு வரி அனுப்பும்படி செய்து, அதைக் கண்டபின் பேசத் தொடங்குவது அதனினும் உத்தமம்.

இவ்வளவும் கைவந்த பின், ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கி இணைத்துப் பாருங்கள். கப்பல் கருவிகளுக்கென ஏற்பட்ட என்எம்இஏ 0183 என்னும் நியமத்தின்படி, அது டாலர் குறியில் தொடங்கி, இடையில் நேரமும் அட்சரேகை தீர்க்கரேகைகளும் காற்புள்ளியிட்டு வர, நட்சத்திரக் குறியும் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் ஈற்றில் அமைந்த வாக்கியங்களை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். வாக்கியத்தின் நீளம் 82 எழுத்துக்கு மேற்படாது. நியமம் விதிக்கும் வேகம் 4800. அதாவது வினாடிக்கு 480 எழுத்து. முழு நீள வாக்கியங்கள் ஐந்துக்கு மேல் ஒரு வினாடியில் அடங்கா. ஆனால் மாணவர் கையில் பரவலாக உள்ள யு-பிளாக்ஸ் நியோ-6எம் கருவி இயல்பாக 9600-இல் பேசுகிறது. நியமத்தை மட்டும் படித்துவிட்டு 4800 வைத்தவருக்குக் குப்பையே கிடைக்கும். குப்பையைக் கண்டால் எதைச் சந்தேகிப்பது என்று இப்போது வாசகர் அறிவார்.

நம் நிரல் கண்விழிக்கும் வேளையில் கருவி ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும். ஆதலால் முதல் டாலர் குறி வரும் வரை வந்ததையெல்லாம் தள்ளிவிட வேண்டும். பின்னர், டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட பைட்டுகள் அனைத்தையும் எக்ஸ்ஆர் என்னும் கணிதச் செயலால் ஒன்று சேர்த்து, கிடைத்ததை ஈற்றில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வாத வாக்கியத்தைத் தயவு தாட்சணியமின்றி எறிந்துவிடலாம். அடுத்த வினாடியில் வேறொன்று வரப்போகிறது. இந்தச் சரிபார்ப்புக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: இரண்டு எழுத்துகள் இடம் மாறிக்கொண்டால் எக்ஸ்ஆரின் விடை மாறுவதில்லை. கம்பியில் எழுத்துகள் தாமாக இடம் மாறுவதில்லையாதலால் அது ஜிபிஎஸ் கருவிக்குப் பெருங்குறை அன்று. ஆனால் நம் நிரலே சேர்த்துவைக்கும்போது வரிசையைக் குழப்பிவிட்டால், அதைக் காட்டிக்கொடுக்க அந்த எண்ணால் ஆகாது.

கடைசிப் பரீட்சை, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே யுஎஸ்பி கம்பியைப் பிடுங்குவது. பட்டறையில் யாரேனும் ஒருவர் கால் தடுக்கி அதைச் செய்யத்தான் போகிறார். முதலில் நாமே செய்து பார்த்துவிடுவது மேல். நிரல் பிழையை அறிந்து போர்ட்டை முறைப்படி மூடி, சிறிது இடைவெளி விட்டு மீண்டும் திறக்க முயல வேண்டும். மூடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், கம்பியை மறுபடி செருகும்போது லினக்ஸ் பழைய பெயரைக் கொடுக்காமல் 'டிடிஒய்-யுஎஸ்பி-1' என்று வேறொரு பெயரைக் கொடுத்துவிடக்கூடும். நிரலோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் வாசகர் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேகம், பிட், பாரிட்டி, முடிவு பிட், ஃப்ளோ கண்ட்ரோல், வரிமுடிவுக் குறி, மின்னழுத்தம் ஆகியவற்றை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கருவியின்மேலேயே ஒட்டிவையுங்கள். கம்பி அவற்றை ஒருநாளும் சொல்லப் போவதில்லை. உங்களுக்குப் பின் அந்தக் கருவியைத் திறப்பவருக்குச் சொல்ல அந்தக் காகிதம் ஒன்றுதான் இருக்கும்.